ஆப்பு வைத்தது யார்?

போன வாரம் பேத்திக்குக் கதை சொல்கிற டியூட்டி எனக்கு. நரி, காக்கா, முதலை எல்லாம் ஸ்டாக் தீர்ந்துபோய், ஆப்பசைத்த குரங்கைக் கையில் எடுத்தேன். தச்சர்கள் மரத்தைப் பாதி அறுத்துப் பிளவில் ஆப்பு அடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள், குரங்கு வந்து ஆப்பைப் பிடுங்கியது, வால் நசுங்கியது. "அதனால வேண்டாத வேலை செய்யக் கூடாது!" என்று நீதியோடு முடித்தேன்.

பேத்தி யோசித்தாள். "குரங்கு சுத்துற எடத்துல அதை ஏன் தாத்தா அப்படியே விட்டுட்டுப் போனாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்து மூன்று வருஷம் பிரஸ் ஷாப்பில் குப்பை கொட்டியவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்ற, ஒரு பையனின் விரல்கள் போக வேண்டியிருந்தது.

கோவில்பதாகையில் வீடு. ஆவடியில் ரயிலைப் பிடித்துப் பட்டரவாக்கத்தில் குதித்தால் அம்பத்தூர் எஸ்டேட். 1979-ல் சேர்ந்து 2012-ல் ரிடையர் ஆகும்வரை இதே ரூட். கம்பெனி பெயர் வேண்டாம். சோறு போட்ட இடம்.

பவர் பிரஸ் என்பது வேறொன்றுமில்லை. மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு, நடுவில் தகடு. மேலச்சு இறங்கி 'டமால்' என்று ஒரு போடு போட்டால் தகடு பார்ட்டாகிவிடும். எங்களிடம் இருந்த பழைய மாடலில் ஒரு விசேஷம். கிளட்ச் பிடித்துவிட்டால் ஒரு முழுச் சுற்று முடிகிறவரை அந்த பிரம்மாவே வந்தாலும் நிறுத்த முடியாது. அதனால்தான் இரண்டு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால், அச்சுக்குள் போக மூன்றாவது கைக்கு எங்கே போவது? பிரமாதமான ஏற்பாடு!

1991 மார்ச் 4. தேசியப் பாதுகாப்பு தினம். 1966-ல் இதே தேதியில்தான் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் ஆரம்பித்தார்கள். வழக்கம்போல பாட்ஜ், உறுதிமொழி, லட்டு. கூடவே வாசகப் போட்டி. சூப்பர்வைசரான அடியேன் எழுதிய 'சிந்தை சிதறினால் விரல் சிதறும்!' முதல் பரிசு தட்டிச் சென்றது. என் பெயர் பொறித்த மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். வாசகத்தைச் சிவப்புப் பெயிண்டில் ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்கு மேலே எழுதி மாட்டினார்கள். வருவோர் போவோரிடமெல்லாம் காட்டி மகிழ்ந்தேன்.

மூன்று வாரம் கழித்து, நைட் ஷிஃப்டில், அதே ஏழாம் நம்பரில், அந்த போர்டுக்கு நேர் கீழே, இருபத்தொரு வயசுப் பையனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின.

எப்படி? இடது பட்டனில் ஒரு சின்ன மர ஆப்பு. அதைச் செருகிவிட்டால் அந்த பட்டன் எப்போதும் அழுத்தியபடியே இருக்கும். ஒரு கையால் தட்டலாம், இன்னொரு கையால் தகடு போடலாம். பீஸ் கணக்கு எகிறும். இன்சென்டிவ் கூடும்.

ஆப்பை நான் பத்து நாள் முன்பே பார்த்துவிட்டேன்.

பார்த்தேன்... பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டேன். மாசக் கடைசி, டெஸ்பாட்ச் நெருக்கடி. "உங்க ஷிஃப்ட்லதான்யா புரொடக்‌ஷன் வருது!" என்று மேனேஜர் வேறு முதுகில் தட்டியிருந்தார்.

விபத்து ரிப்போர்ட்டில் 'காரணம்' என்றொரு கட்டம். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டே வார்த்தை. பரிசு வாங்கிய அதே கையெழுத்து.

ஆறு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். கல்யாணப் பத்திரிகை. "இ.எஸ்.ஐ.ல மாசாமாசம் பணம் வருது ஸார், பொண்ணு வீட்ல ஒத்துக்கிட்டாங்க" என்றான். பத்திரிகையை நீட்டும்போது கொஞ்சம் தயங்கினான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஸார். இடது கையால குடுக்கிறேன்."

நான் நின்றேன். என் மனைவிதான் முந்திக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அலமாரியில் டிபன் கேரியர் பளபளவென்றிருந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை எங்கள் வீட்டில் அதில் சாப்பாடு கட்டியதில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய் ஆப்பு சமாசாரத்தைக் கக்கிவிட்டேன். அந்த வருஷ இன்க்ரிமென்ட் ஊத்திக்கொண்டது. போகட்டும். ஆனால் எங்கள் பெரிய ஃபிட்டரிடம் பிரஸ்ஸைக் காட்டியபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"தகடு நுழையணும், வெரல் நுழையக் கூடாது. அவ்ளோதானே ஸார்?"

அச்சைச் சுற்றி இரும்பு வலையில் ஒரு கூண்டு. தகடு போக மட்டும் மெல்லிய சந்து. எலெக்ட்ரீஷியன் பட்டன் வயரிங்கை மாற்றினார். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பட்டனையும் விட்டுவிட்டு அழுத்த வேண்டும். ஆப்பு செருகினால் மிஷின் சண்டித்தனம் பண்ணும். அதற்குப் பிறகு நான் ரிடையர் ஆகும்வரை ஏழாம் நம்பர் யார் விரலையும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக 'கவனம், கவனம்' என்று நான் கத்தியது சாதிக்காததை ஒரு கூண்டு சாதித்தது.

அப்புறம்தான் சட்டத்தைப் புரட்டினேன். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் அப்போதே சொல்லியிருந்தது: ஆபத்தான இயந்திர பாகங்களுக்கு உறுதியான தடுப்பு போடு என்று. தொழிலாளியை உஷாராக இருக்கச் சொல்லிவிட்டுப் போர்டு மாட்டு என்று சொல்லவில்லை!

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒன்று தெருவில் இருக்கிறது என்று வையுங்கள். முதல் வேலை, தேவையில்லையென்றால் மூடிவிடுவது. தேவையென்றால் சுவர் எழுப்பி மேலே கம்பி வலை போடுவது. அதற்கப்புறம்தான் விளக்கு, போர்டு, 'பாத்துப் போப்பா' எல்லாம். நாமோ தலைகீழ். கிணற்றை அப்படியே விட்டுவிட்டு, போகிறவனுக்கு ஹெல்மெட் கொடுத்து, உறுதிமொழி எடுக்கச் சொல்கிறோம்!

போபாலை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த ராத்திரி, அந்தத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசிகிற வாயுவை எரித்துத் தள்ளவேண்டிய கோபுரமும் வேலை செய்யவில்லை. அதுவும் பட்டனில் வைத்த ஆப்புதான். சைஸ்தான் பெரிசு. 1987-ல் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான தொழில்களில் இருப்பவர்கள் ஆபத்து நெருங்குகிறது என்று தெரிந்தால் நிர்வாகத்தை எச்சரிக்கலாம் என்று உரிமை கொடுத்தார்கள். எத்தனை உயிருக்கு அப்புறம்!

ஏதோ பழங்கதை என்று நினைக்காதீர்கள். ஹரியானா மானேசர் பக்கம் வாகன உதிரிபாகப் பட்டறைகளில் விரல் இழப்பவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்கிற அமைப்பு 2019 முதல் அறிக்கை வெளியிட்டு வருகிறது. அதில் முன்வரிசையில் நிற்பது யார்? நம்ம பவர் பிரஸ்தான்.

பேத்திக்குப் பதில் சொல்ல வேண்டுமே! மறுநாள் ராத்திரி கதையை மாற்றினேன்.

"தச்சர்களுக்குப் பசி. ஆனா போறதுக்கு முன்னாடி ஆப்பைப் புடுங்கிப் பையில வெச்சுக்கிட்டாங்க. குரங்கு வந்துது. பார்த்துது. மரத்து மேல கொஞ்ச நேரம் ஒக்காந்துது. போயிடுச்சு."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"போ தாத்தா! ஒண்ணுமே நடக்கலையே?"

"அதாண்டி கண்ணு கதையே!"