கண் எங்கே போய் நிற்கிறது?

யாராவது தான் எடுத்த புகைப்படத்தை நீட்டினால் நம்மவர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, "சூப்பர்!" இன்னொன்று, "என்ன கேமரா?" இரண்டாவதைக் கேட்டதும் படம் எடுத்தவரின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். அவர் வெயிலில் காத்துக் கிடந்தது, கூட்டத்தில் இடிபட்டது எல்லாம் கேமரா விற்ற கடைக்காரர் கணக்கில் வரவாகிவிடும்.

எங்கள் பகுதியில் படம் எடுப்பவர்கள் சிலர் மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். ஒரு டியூஷன் சென்டரின் அறை, வாடகை புரொஜெக்டர், வெள்ளைச் சுவர். அங்கே மூன்றாவது வகைப் பதில் ஒன்றும் உண்டு: விதி. சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஆளை நிறுத்த வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். அதைக் கற்றுக்கொண்டு வந்தவர், "ஆள் நட்டநடுவுல நிக்கிறாரே சார்" என்று எழுந்துவிடுவார். நடுவில் நின்றதால் படத்துக்கு என்ன குறைந்துபோயிற்று என்று திருப்பிக் கேட்டால் சத்தம் இருக்காது. ஐயனாரை, கோபுரத்தை, கேமராவை நேருக்கு நேர் முறைக்கும் ஒரு பாட்டியை நடுவில் வைக்காமல் எங்கே கொண்டுபோய் வைப்பது?

எடுத்த படத்தை க்ராப் செய்வதே பாவம் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய குலதெய்வம் பிரெஞ்சுக்காரரான ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். அவர் தன் படங்களை வெட்ட விடாதவர்தான், சந்தேகமில்லை. ஆனால் பாரிஸில் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதனை 1932இல் எடுத்தாரே, அந்தப் புகழ்பெற்ற படம் வெட்டப்பட்டது. வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததில் ஓரத்தில் பலகை விழுந்துவிட்டது. அவரும் கத்தரியை எடுத்தார். இதைச் சொன்னால் பக்தர்களுக்குக் கோபம் வருகிறது.

என் வழக்கம் எளிமையானது. படத்தைப் பார்த்ததும் என் கண் முதலில் எங்கே போயிற்று, அப்புறம் எங்கே போயிற்று, எங்கே போய் நின்றது என்று சொல்லிவிடுவேன். அபிப்பிராயமெல்லாம் பிறகு. படம் எடுத்தவருக்குத் தானாக இந்தச் செய்தி கிடைக்கவே கிடைக்காது. ஏனென்றால் அவர் அந்த இடத்தில் இருந்தவர். அங்கே அடித்த வாடை, கேட்ட சத்தம் எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். படத்துக்குள்ளும் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். அதனால்தான் கதையைக் கேட்பதற்கு முன்னால் படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்கிறேன். "விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து போனேன் சித்தப்பா" என்பது காதில் விழுந்துவிட்டால் நம் கண்ணும் அவன் பக்கம் சாய்ந்துவிடும்.

இப்படிச் சொன்னது என் அண்ணன் மகன். ஐ.டி. வேலை, சனி ஞாயிறானால் கேமராவோடு கிளம்பிவிடுவான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அவன் எடுத்த படம் ஒன்று. ஏலத்துக்கு வந்த ஓர் அம்மா, இடுப்பில் கூடையோடு பக்கவாட்டில் திரும்பி எதையோ பார்க்கிறார். பின்னால் விசைப்படகுகள். பல்பு வெளிச்சமும் விடிகிற வெளிச்சமும் கலந்ததில் கன்னத்தில் ஒரு பாதி மஞ்சள், மறுபாதி நீலம். நல்ல படம். "உள்ளதைச் சொல்லுங்க சித்தப்பா" என்றான்.

என் கண் முதலில் போனது வலது மூலையில் கிடந்த நீலத் தார்ப்பாய்க்கு. அங்கிருந்துதான் முகத்துக்கு வந்தது. முகத்திலிருந்து மேலே ஏறி, அவர் உச்சந்தலையிலிருந்து புறப்பட்டதாகத் தெரிந்த படகுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வானத்துக்குப் போய்விட்டது. இவ்வளவுதான் சொன்னேன். பிறகு கட்டைவிரலை வைத்து அந்த மூலையை மறைத்துக் காட்டினேன். "அட!" என்றான். கம்பத்துக்குக் கட்டைவிரல் வைத்தியம் செல்லாது. எடுக்கும்போதே ஓரடி தள்ளி நின்றிருக்க வேண்டிய விஷயம் அது. மூலை இந்தப் படத்துக்கான பேச்சு, கம்பம் அடுத்த படத்துக்கான பேச்சு. இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டால் கேட்பவருக்கு வருத்தம் பாதியாகிவிடும்.

படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் உதவும். கார்த்தியே-பிரெஸ்ஸோன் அப்படித்தான் பார்ப்பார். தலைகீழானதும் முகம் முகமாகத் தெரியாது, கூடை கூடையாகத் தெரியாது. வெளிச்சத் திட்டுகளும் இருட்டுத் திட்டுகளும் மட்டும் மிஞ்சும். தார்ப்பாய் அப்போது இன்னும் சத்தமாகக் கத்தும்.

நன்றாக வந்திருப்பதையும் இதே கறாரோடு சொல்ல வேண்டும். "லைட்டிங் பிரமாதம்" என்றால் அவனுக்கு ஒரு சந்தோஷம், அதோடு சரி. மஞ்சளும் நீலமும் கன்னத்தில் சந்திக்கிற இடத்தில் என் கண் கொஞ்ச நேரம் தங்கிவிட்டுத்தான் மேலே போயிற்று என்று சொன்னால் அடுத்த வாரமும் அதே நேரத்துக்குப் போவான். தன்னுடைய நல்ல படம் எதனால் நல்ல படமாயிற்று என்று தெரியாமலேயே அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வேறெங்கோ அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புகைப்பட வரலாற்றில் எனக்குப் பிடித்த விமரிசனம் ஒன்று உண்டு. 1910களில் நியூயார்க்கில் பால் ஸ்ட்ராண்ட் என்ற இளைஞர், ஃபிஃப்த் அவென்யூவில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திவந்த '291' காலரிக்குத் தன் படங்களை எடுத்துக்கொண்டு போவார். ஓவியம்போல மங்கலாக இருக்கும் படங்களுக்கு மவுசு இருந்த காலம்; ஸ்ட்ராண்டும் அதற்கென்றே இருந்த லென்ஸில்தான் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டீக்லிட்ஸ் சொன்னதன் சாரம் இது: இந்த மங்கலில் எல்லாமே ஒன்றாகிவிடுகின்றன, புல்லுக்கும் தண்ணீருக்கும் மரப்பட்டைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எடுத்துப் பார். பாணி பழையது என்று உதட்டைப் பிதுக்கவில்லை. உனக்கு இது வராது என்றும் சொல்லவில்லை. எது தொலைந்தது, எதனால் தொலைந்தது, எதைத் திருப்பினால் திரும்ப வரும், மூன்றும் அதில் இருக்கின்றன. 1917இல் ஸ்டீக்லிட்ஸின் 'கேமரா வொர்க்' இதழ் நின்றுபோனது. அதன் கடைசி இதழில் வந்த படங்கள் அத்தனையும் ஸ்ட்ராண்ட் எடுத்தவை.

நாற்பது ஐம்பது படங்களை ஒரேயடியாகக் கொண்டுவந்து கொட்டுபவர்களுக்கு வேறு உதவி தேவை. ஒவ்வொன்றுக்கும் கருத்து சொல்லப் புகுந்தால் இருவருக்கும் தலைவலிதான் மிஞ்சும். ஒரே காட்சியின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எது? ஏன்?" என்று அவர்களையே கேட்டால் போதும். ராபர்ட் ஃபிராங்க் 1955 தொடங்கி அமெரிக்காவைச் சுற்றிவந்து 27,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்தில் இருப்பவை 83.

எடுத்தவர் என்ன நினைத்து எடுத்தார் என்பதைப் பொருட்படுத்தாமல் யோசனை சொல்ல ஆரம்பித்தால் அது நாம் எடுக்காமல் விட்ட படத்தைப் பற்றிய புலம்பலாக முடியும். மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கருவியை ஒட்டுப்போட்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். "என்ன கேமரா?" என்று கேட்பவர்களுக்குச் சரியான பதில் அவரிடம்தான் இருந்திருக்கும். அவரிடம் போய், "கலர்ல எடுத்திருந்தா இன்னும் தூக்கலா இருக்கும் சார்" என்று யாராவது சொன்னால் அவருக்கு அதனால் என்ன பிரயோசனம்?

சில படங்களைப் பற்றி வாயைத் திறக்கவே வேண்டாம். பணி ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் கூட்டத்தில் தன் தாயாரின் படத்தைப் போட்டுக் காட்டினார். "கொஞ்சம் ஷேக் ஆயிருக்கு" என்றார் பின்வரிசையில் ஒருவர். அது அவருக்குத் தெரியாதா? அந்த அம்மாள் சிரித்து எடுத்த படம் அது ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது.

அண்ணன் மகனும் காசிமேட்டுப் படத்தைக் கூட்டத்தில் போட்டான். "முகத்தைக் கொஞ்சம் பிரைட் பண்ணிடுங்க தம்பி" என்றது ஒரு குரல். இரண்டு மூன்று தலைகள் ஆடின. இதை மட்டும் நான் சும்மா விடுவதில்லை. வெளிச்சம் போதாத முகம் வேறு, கறுத்த முகம் வேறு. கண்குழியிலும் மூக்கோரத்திலும் கழுத்து மடிப்பிலும் ஒன்றும் தெரியாமல் இருட்டு அடைத்துக்கொண்டிருந்தால் எக்ஸ்போஷர் போதவில்லை என்று சொல்லலாம். இந்தப் படத்தில் மேலுதட்டு வியர்வை வரை தெரிந்தது. அந்த அம்மாவின் நிறம் அது, அவ்வளவுதான். கோடாக் கம்பெனி பிரிண்ட் போடும் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். அவருடைய தோல் சரியாக விழுந்தால் நிறம் சரி என்று கணக்கு. அந்த அட்டைகளின் காலம் போய்விட்டது. கல்யாண ஆல்பத்தில் பெண்ணை இன்னும் இரண்டு சுற்று வெளுக்கச் சொல்கிற குரல் மட்டும் போகவில்லை. அது படத்தைப் பற்றிய கருத்தே கிடையாது, ஆளைப் பற்றியது.

அந்தப் படத்துக்கு அவன் வைத்திருந்த தலைப்பு 'களைப்பு'. விடிகாலை, தளர்ந்த தோள், எங்கோ பார்க்கும் கண். கூட்டத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. மூலையை வெட்டி ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி காசிமேட்டுக்குப் போனான்; நானும் ஒட்டிக்கொண்டேன். நாலு பேரிடம் படத்தைக் காட்டியதும் அந்த அம்மா இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. கூடையைக் கீழே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். தன் முகத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் பின்னால் நின்ற படகைப் பார்த்தார். அது யாருடைய படகு என்று சொன்னார். இவன் தயங்கித் தயங்கித் தலைப்பைச் சொன்னான்.

"களைப்பா? இன்னாபா நீ! ஏலம் ஏறிக்கினே போவுது, எதுவரிக்கும் கேக்கலாம்னு கணக்கு போட்டுக்கினு இர்ந்தேன்."

இப்போது பார்த்தால் அந்தக் கண்ணில் கணக்குதான் தெரிகிறது. அவன் தலைப்பை மாற்றிவிட்டான். படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எங்களைப் போன்றவர்களிடம் காட்டுவதெல்லாம் இருக்கட்டும், படத்தில் இருப்பவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். கேமராவின் சின்னத் திரையில் காட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், ஒரு பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.