வாண்டுக்கு ஒரு புள்ளி வைங்க!

'வாட்டர்'னு சத்தமா ஒரு தடவை சொல்லிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். அதுல 'டபிள்யூ' எங்கேயாவது கேட்குதா? 'ஹேட்'ல 'எச்' கேட்குதா? 'கேட்'ல 'சி'? இல்லைதானே! ஆனா, 'சி ஏ டி கேட், கேட்னா பூனை'னு கோரஸ் பாடித்தான் நம்மில் பாதிப் பேர் செமஸ்டர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கோம். இங்கிலீஷ்ல எழுத்தோட பேர் வேற, அது போடற சத்தம் வேற. பேரை மட்டும் சொல்லிக் கொடுத்துட்டு, 'படிடா'ன்னா குழந்தை எப்படிப் படிக்கும்?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது கிளாஸ் ரூம்ல இல்லை... மதுரை செல்லூர்ல, எங்க தெரு இட்லிக் கடையில!

கடை வச்சிருக்கிற அக்காவுக்கு ஆறு வயசுல ஒரு பையன். பேர் வேண்டாம், 'வாண்டு'ன்னே வச்சுக்குவோம். இங்கிலீஷ் மீடியத்துல ஒண்ணாம் வகுப்பு. அவன் டைரியில் வாரம் தவறாம ஒரு குறிப்பு வரும்: 'ரீடிங் வீக். வீட்டில் கவனிக்கவும்.' அக்கா எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சவங்க. டைரியை என்கிட்ட நீட்டி அர்த்தம் கேட்பாங்க. நான் சொன்னதும், "இவனுக்குப் படிப்பு ஏறாது போல பாப்பா"ன்னு பெருமூச்சு விடுவாங்க, அதுவும் அவனை வச்சுக்கிட்டே! இட்லி வித்த காசுல கட்டின ஃபீஸாச்சே, அவங்க கவலை அவங்களுக்கு. ஆனா, ஆறு வயசுலயே ஒரு பையனுக்கு 'ஏறாது'ன்னு முத்திரை குத்தினா, அதை அவன் பன்னிரண்டாவது வரைக்கும் சுமப்பானே!

ஒருநாள் சாயங்காலம் புத்தகத்தோட உட்கார வச்சேன். பையன் ஒரு பக்கத்தைக் கடகடன்னு படிச்சான்! 'அட'ன்னு பார்த்தா, வாய் மூணாவது வரியில இருக்கு, விரல் முதல் வரியில இருக்கு. படத்தைக் கையால மறைச்சேன். வண்டி நின்னுடுச்சு. மிஸ் சொன்ன மொத்தப் பக்கத்தையும் அப்படியே மனப்பாடம் பண்ணியிருக்கான். யோசிச்சுப் பாருங்க... ஒரு பக்கத்தை காதால கேட்டே மண்டையில ஏத்தினவனுக்கா படிப்பு ஏறாது?

பாம்பு, எறும்பு, மெழுகுவத்தி

ஃபோனிக்ஸ்ங்கிறது ரொம்ப சிம்பிள். எழுத்தோட பேரை ஓரமா வச்சுட்டு, சத்தத்தைச் சொல்லிக் கொடுக்கிறது. ஆங்கிலத்துல 26 எழுத்து, ஆனா சத்தம் சுமார் 44. எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டாம, கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும். இங்கிலாந்துல இருந்து வந்த 'ஜாலி ஃபோனிக்ஸ்' முறையில முதல் ஆறு எழுத்து... எஸ், ஏ, டி, ஐ, பி, என். ஏ பி சி டி வரிசையே கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆக்‌ஷன் உண்டு. 'எஸ்'ஸுக்குப் பாம்பு மாதிரி கையை வளைச்சு 'ஸ்ஸ்ஸ்'. 'ஏ'வுக்குக் கையில எறும்பு ஊர்ற மாதிரி. 'பி'க்கு மெழுகுவத்தியை ஊதற மாதிரி 'ப்'.

ஏன் இந்த ஆறு? இதை மாத்தி மாத்திப் போட்டாலே வார்த்தை பிறக்குதே! பின், டின், ஸிட், டிப், பிட்... (கடைசி வார்த்தையைக் கேட்டு நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறவங்களை டிபார்ட்மென்ட் கவனிக்குது!)

வாண்டுக்கு ஆறும் ரெண்டு வாரத்துல வந்துடுச்சு. ஆனா, ஒட்ட மாட்டேங்குது. 'ப... இ... ன... பஇன'ங்கிறான். அப்பதான் அக்கா இட்லித் தட்டைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க... "ஏம்மா, அவன் 'ப'ன்னுல்ல சொல்றான். 'ப்'னு புள்ளி வச்சுச் சொல்லச் சொல்லு. 'ப்'பும் 'இ'யும் சேர்ந்தாத்தானே 'பி'?"

சபாஷ்! அவ்வளவுதான் விஷயம். மெய்யும் உயிரும் சேர்ந்தா உயிர்மெய். ஃபோனிக்ஸ் டீச்சர்கள் 'பிளெண்டிங்'னு சொல்றதும் இந்தச் சேர்க்கையைத்தான். 'மெய்யெழுத்துக்குப் பின்னாடி அகரத்தை ஒட்டாதீங்க'ங்கிறது அங்கே டீச்சர்களுக்குச் சொல்ற முக்கியமான பாடம். தமிழ்ல அதைச் சொல்ல ஒரு புள்ளி போதும். பலகையில எழுத்துகளுக்குப் பக்கத்துல 'ப் - இ - ன்'னு எழுதிக் காட்டினேன். மூணே தடவை... "பின்!"

அந்த ஒரு வார்த்தைக்கு அவன் முகத்துல வந்த வெளிச்சத்தை, கேம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆன சீனியர் முகத்துலகூட நான் பார்த்ததில்லை!

ரெண்டு பிட், ஒரு எழுத்து

தமிழ் எல்லாத்துக்கும் உதவாது, அதையும் சொல்லிடணும். குழிங்கிற அர்த்தத்துல வர்ற 'பிட்'டும், துண்டுங்கிற அர்த்தத்துல வர்ற 'பிட்'டும் இங்கிலீஷ்ல வேற வேற சத்தம். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணு! அதனாலதான் நம்ம வாண்டுகள் 'பி'ங்கிற எழுத்தையும் அதுக்கு முறைப்பையனான இன்னொரு 'பி'யையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

காது மந்தம்னு நினைச்சுடாதீங்க. 'பம்பரம்'னு சொல்லிப் பாருங்க. முதல் 'ப' ஒரு மாதிரி, நடுவுல வர்ற 'ப' வேற மாதிரி. ரெண்டு சத்தமும் நம்ம வாயிலயே இருக்கு. எழுத்துதான் ஒண்ணு. ஈ.சி.இ. மூன்றாம் வருஷத்துக்காரி மூளை சும்மா இருக்குமா? முதல் சத்தத்துக்குக் குரல்வளை அதிராது, ரெண்டாவதுக்கு அதிரும்னு பாடமே எடுக்கலாம். ஆனா, ஆறு வயசுக்குக் காகிதத் துண்டே போதும். உதட்டுக்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டு, 'பேப்பர்'னு இங்கிலீஷ்காரன் மாதிரி ஊதிச் சொன்னா காகிதம் படபடக்கும். 'பஸ்'னு சொன்னா பெருசா அசையாது. வாண்டு அன்னிக்கு முழுக்க தெருவுல எல்லார் மூஞ்சிக்கு முன்னாடியும் காகிதம் பிடிச்சான்!

வேற்றுக்கிரக வார்த்தைகள்

இங்கிலாந்துல 2006-ல் ஜிம் ரோஸ் தலைமையிலான ஆய்வு, 'பள்ளிகள் சத்தம் கூட்டிப் படிக்கிற முறையில தொடங்கணும்'னு பரிந்துரைச்சது. 2012-ல் இருந்து அங்கே ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பரிசோதனை நடக்குது. மொத்தம் 40 வார்த்தை. அதுல 20-க்கு அர்த்தமே கிடையாது! பக்கத்துல ஒரு கற்பனைப் பிராணியோட படம் இருக்கும். பிள்ளை மனப்பாடத்தை ஒப்பிக்குதா, நிஜமாவே எழுத்துக்கூட்டுதான்னு கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. நானும் 'டிஸ்', 'நிஸ்'னு எழுதிக் கொடுத்தேன். "இது வேற்றுக்கிரகத்து ஆள் பேருடா"ன்னா, விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே படிச்சான். மனப்பாடப் புலிக்கு அங்கே தப்பிக்க வழியே இல்லை!

நம்ம ஊர்லயும் 2022-ல் அரசுப் பள்ளிகள்ல தொடங்கின 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு அவங்கவங்க நிலைக்கு ஏத்த மாதிரி பிரிச்சுப் பாடம் நடத்தினாங்க. எந்த வகுப்புங்கிறதை விட, எங்கே நிக்கிறாங்கங்கிறதுதான் முக்கியம். நல்ல விஷயம்!

வீட்டுல என்ன பண்ணலாம்? "எனக்கு ஏபிசிடியோட சரி, நான் என்னத்தைச் சொல்லித் தர்றது?"ன்னுதான் அக்காவும் முதல்ல கேட்டாங்க. ஆனா டம்ளர், டீ, ஸ்பூன், பக்கெட், பிளேட்... கடை முழுக்க இங்கிலீஷ்தானே! "ஸ்... ஸ்...ல தொடங்குற சாமானை எடுத்துட்டு வா"ன்னா, ஓடிப்போய் ஸ்பூனைத் தூக்கிட்டு வர்றான். அடுப்படியை விட்டு நகராம ஆடற விளையாட்டு. இதுக்கு டியூஷன் ஃபீஸும் கிடையாது.

சத்தம் மட்டும் தெரிஞ்சா எல்லாம் வந்துடாது. 'ஒன்', 'வாஸ்' மாதிரி வார்த்தைகள் சத்தத்துக்கு அடங்காது. பார்த்துத்தான் பழகணும். அர்த்தம் புரிய கதை கேட்கணும், நிறையப் பேசணும். வாண்டு இப்பவும் கிளாஸ்ல ஃபர்ஸ்ட் இல்லை. டைரியில குறிப்பு இன்னும் வருது. ஆனா, போன மாசம் ஜெராக்ஸ் கடை போர்டு முன்னாடி நின்னுட்டான். பான் கார்டு விளம்பரம். "ப்... ஏ... ன்... பேன்! அக்கா, இங்கே பேன்னு போட்டிருக்கு!" கடைக்காரர் அவசரமா தலையைத் தடவிக்கிட்டார்!

யாரும் சொல்லித் தராம, யாரும் கேட்காம அவனாப் படிச்ச முதல் போர்டு. வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா எண்ணெய் டின்னைத் திருப்பி வச்சு, "இதைப் படி"ன்னாங்க. அவனுக்கு முன்னாடி அவங்க உதடும் மெதுவா அசைஞ்சது... "ட்... இ... ன்." 'ஏறாது'ங்கிற வார்த்தையை அதுக்கப்புறம் அந்தக் கடையில நான் கேட்கலை.

உங்க வீட்டுலயோ, பக்கத்து வீட்டுலயோ கண்டிப்பா ஒரு வாண்டு இருக்கும். லீவுல மொபைலைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு, தினம் பத்து நிமிஷம், ஆறே ஆறு சத்தம்... முயற்சி பண்ணுங்க பாஸ். ஆனா மறக்காம, புள்ளி வச்சுச் சொல்லிக் கொடுங்க!