நரிக்குடியில் ஒரு மாடி எழும்பும் முன்

திருச்சுழி தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் சீமைக்கருவேலம்தான். அங்கங்கே கரிமூட்டம் போட்டு எரித்த கருப்புத் தரை. நரிக்குடியில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. இருக்கிற வீட்டின் மேல் மாடி எடுக்கிறவர்களும் பின்னால் ஓர் அறை சேர்க்கிறவர்களும் இங்கே அனுமதி எப்படி வாங்குகிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் போனேன்.

டீக்கடையிலேயே பதில் வந்துவிட்டது. "பட்டிக்காட்டுல யாருப்பா பிளான் போடுறா? தலைவர்ட்ட ஒரு கையெழுத்து, அம்புட்டுத்தான்" என்றார் ஒரு பெரியவர். ஆனால் இந்த மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அனுமதியும் இணையத்துக்கு மாறிவிட்டது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் கிராம ஊராட்சிக்கும் உண்டு. திட்டம் வந்தபோது வைத்த வரம்புப்படி, மனை 2500 சதுர அடிக்குள், கட்டடம் 3500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ, உயரம் 7 மீட்டருக்குள் இருந்தால் வீட்டுக்காரரே உறுதி கொடுத்து, பணம் கட்டி, அனுமதியை இறக்கிக்கொள்ளலாம். அதற்கு முன் யாரும் வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. கட்டி முடித்தபின் முடிவுச் சான்றும் கேட்பதில்லை.

கடைவீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். மஞ்சள் பையோடு ஒருவர் காத்திருந்தார். மகன் கல்யாணத்துக்குள் மாடி எடுத்தாக வேண்டுமாம். பையிலிருந்து நத்தம் பட்டாவை எடுத்தார். மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. பெயர் அவருடையது அல்ல, இறந்துபோன அப்பாவுடையது.

"அண்ணே, உங்க பேருக்கு மாத்தாம இது ஏறாது" என்றார் கணினியில் இருந்த பெண். வாரிசுச் சான்றிதழ், பிறகு உடன்பிறந்தவர்களின் சம்மதம், பிறகு பட்டா மாறுதல். வரைபடம்தான் பெரிய வேலை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே உட்கார்ந்து பார்த்த வரையில் வரைபடம் ஒரு மத்தியானத்து வேலை. ஆளை மாதக்கணக்கில் அலையவிடுவது பட்டாதான்.

அவரோடு வீட்டுக்கு நடந்தேன், அரை கிலோமீட்டர் இருக்கும். கையில் இருந்த வரைபடத்தில் வீடு சுத்தமாக ஒரு செவ்வகம். தெருவில் போய் நின்றால், வீட்டு முகப்பை ஒட்டி மின்கம்பி போகிறது. வரைபடத்தில் கம்பியே இல்லை.

"லைன் தள்ளித்தான் தம்பி போகுது" என்றார். கொத்தனாரிடம் நூல் வாங்கி ஒரு கம்பத்தின் அடியிலிருந்து அடுத்த கம்பத்தின் அடிவரை தரையோடு இழுத்துக் கட்டினோம். நூலுக்கும் சுவருக்கும் நடுவே டேப் வைத்தால் 85 சென்டிமீட்டர். வீட்டுக்கு வரும் சாதாரணத் தாழ்வழுத்தக் கம்பியே என்றாலும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும், மேலே 2.5 மீட்டரும் இடைவெளி வேண்டும். மாடி ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு நீட்டினால் கம்பிக்கும் அதற்கும் ஓரடிகூட மிஞ்சாது. மழைக்கு ஜன்னலைச் சாத்த நீளும் கை அங்கேதான் போகும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் நேரே தெருவில் இறங்குகிறது. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து எல்லா வீட்டுக்கும் கட்டாயம். குண்டாறு ஆண்டில் பாதிக்கு மேல் மணலாகவே கிடக்கும் சீமை இது. வரைபடத்தில் வடக்கு மூலையில் வட்டமாக ஒரு தொட்டி போட்டிருக்கிறார்கள்; அந்த மூலையில் ஆட்டுக்கொட்டகை இருக்கிறது.

சுயசான்று நல்ல ஏற்பாடு. ஒரு அறைக்காக மாதக்கணக்கில் அலைந்த காலம் எனக்குத் தெரியும். ஆனால் பார்க்க வேண்டிய அதிகாரி வராதபோது, பார்க்கிற வேலை வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உறுதிமொழியில் கையெழுத்து அவருடையது; பின்னால் தப்பு என்று தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

கம்பியை மாற்ற மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, செலவையும் இவரே கட்ட வேண்டும். இல்லையென்றால் மாடி முகப்பை நாலடி உள்ளே தள்ள வேண்டும். நாலடி போனால் அறையில் கட்டில் போடத் தேறுமா என்று கொத்தனார் காலால் அளந்து பார்த்தார். தேறும் என்றார்.

"அப்பச் சரி, உள்ள தள்ளியே வரைஞ்சுக்கிருவோம். நான் தங்கச்சிகிட்ட கையெழுத்து வாங்கப் போறேன்" என்று பட்டாவை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தார் வீட்டுக்காரர்.