கரி புகையாது என்பவர்களுக்கு

இராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் போனால் சீமைக் கருவேலங்காட்டுக்கு நடுவே கரிமூட்டங்கள் புகைந்துகொண்டிருக்கும். விறகைக் குவியலாக அடுக்கி, மேலே வைக்கோலும் இலைதழையும் பரப்பி, ஈர மண்ணால் மூடித் தீ வைக்கிறார்கள். காற்றுக்குச் சில துளைகள் மட்டும். அதன்பிறகு பல நாட்களுக்கு வேலை என்பது காவல்தான். நான் பார்த்த மூட்டத்தை ஒரு பெண் குழைத்த மண்ணோடு சுற்றிச் சுற்றி வந்தார். வெடிப்பு கண்ட இடத்தில் வெறுங்கையால் மண்ணை அப்பினார். கீறல் வழியே காற்று புகுந்தால் உள்ளே கரி மிஞ்சாது, சாம்பல்தான். முதலில் வரும் தடித்த வெள்ளைப் புகை பெரும்பாலும் மரத்தின் ஈரம். அது மெலிந்து நீலம் தட்டினால் துளைகளை அடைக்கும் நேரம். வெப்பமானி கிடையாது. கண்ணும் மூக்கும்தான் கருவி.

இந்தக் கரி நகரத்துத் தந்தூரி அடுப்புக்கும் இஸ்திரி வண்டிக்கும் போய், புகையாத எரிபொருள் என்று பெயர் வாங்குகிறது. பாதி உண்மை. விறகு எரிவதில் இரண்டு கட்டம் உண்டு. சூடேறிய மரம் முதலில் வாயுக்களைக் கக்கும். நாம் காணும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். மிஞ்சும் கரி பிறகு கனலும். மூட்டம் முதல் கட்டத்தைக் காட்டிலேயே முடித்துவிடுகிறது, அதுவும் காற்றுப் பற்றாக்குறையோடு. கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், தார் எல்லாம் எரியாமலே வெளியேறுகின்றன. மண் மூட்டத்தில் ஒரு டன் கரிக்கு நான்கைந்து டன் விறகாவது வேண்டும். விறகிலிருந்த வெப்பத்தில் பாதிக்கு மேல் வீண். நகரத்தில் வராத புகையை அந்தப் பெண் ஏற்கெனவே சுவாசித்து முடித்துவிட்டார்.

வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம்தானே, விட்ட கரியமில வாயுவை அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளாதா என்று கேட்கலாம். கரியமில வாயுவுக்கு அந்தக் கணக்கு சரி. மீத்தேனை மரம் உறிஞ்சாது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட எடைக்கு எடை சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும். சரி, மூட்டத்தையே தடை செய்துவிடலாமா? வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருடம் கைகொடுக்கும் தொழில் இது. சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆனால் நீதிமன்றம் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே அதை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் இந்த மூட்டத் தொழிலாளர்கள். (கருவேலத்தைத் திட்டுகிற நாம் இவர்களை நினைப்பதில்லை.) தடை போட்டால் மூட்டம் இன்னும் உள்காட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

வழி இல்லாமல் இல்லை. மூடிய இரும்பு உலையில், வெளியேறும் வாயுவையே அடுப்புக்குத் திருப்பி எரித்து விறகைச் சூடாக்கலாம்; புகை குறையும், அதே விறகில் கரியும் கூடும். ஆனால் மண் மூட்டத்துக்கு முதல் வேண்டாம், விறகு இருக்கும் இடத்திலேயே போடலாம். உலைக்குப் பணம் வேண்டும். மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவர் அதை எங்கே போய்ப் புரட்டுவார்? கருவேலத்தை ஒழிக்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, இடம் மாற்றி வைக்கக்கூடிய உலைகளாக மூட்டத் தொழிலாளர் குழுக்களின் கையில் அரசு கொடுக்கட்டும்.