ஆனை விலை, குதிரை விலை

நான் லண்டனுக்கு வந்தது 1993இல். அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை, கிழக்கு லண்டன் தெருச் சந்தையொன்றில் தக்காளிப்பழம் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி ஒரு பழத்தை எடுத்துப் பார்த்து, விலையையும் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு 'ரூ டியர்' என்றா. எனக்கு விளங்கவில்லை. டியர் என்பது கடிதத்தின் தலையில் எழுதுகிற சொல். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் லீவுக் கடிதம் எழுதப் பழக்கியபோது அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். அந்தக் கிழமைதான் என்னுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதமும் வந்திருந்தது. அதுவும் டியர் என்றுதான் தொடங்கியது. தக்காளிப்பழத்தில் யாருக்கு என்ன அன்பு?

அறைக்கு வந்து, கூட இருந்த அண்ணையிடம் கேட்டேன். "விலை கூடவெண்டு சொல்லியிருக்கிறா. பழைய ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார்.

எனக்கு மனம் ஆறவில்லை. நூலகத்துக்குப் போய் பெரிய அகராதியைப் புரட்டினேன். அன்புக்குரியது, விலை கூடியது என்ற இரண்டும் பழைய ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லுக்குள் இருந்திருக்கின்றன. ஜேர்மனியில் இருப்பவர்கள் நாளாந்தம் கடையில் சொல்லுகிற 'ரொய்யர்' இதற்கு உடன்பிறப்பு. நோர்வேக்காரரின் 'டீர்' என்பதும் அப்படியே. அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே இன்னொரு சொல் கிடந்தது: டேர்த். பொருள், பஞ்சம், தட்டுப்பாடு. 'டீப்' என்பதிலிருந்து 'டெப்த்' வந்ததுபோல, 'வோம்' என்பதிலிருந்து 'வோம்த்' வந்ததுபோல, டியர் என்பதிலிருந்து வந்தது டேர்த். 13ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் வந்துவிட்ட சொல். அதன் அமைப்பின்படி பார்த்தால் விலை கூடிய தன்மை என்பதுதான் அர்த்தம். உணவின் விலை ஏறினால் ஏழை வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே அதுவே பஞ்சத்துக்கும் பெயராயிற்று. பிறகு எந்தக் குறைவுக்கும் அதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கு அதைப் பாவிக்கிற ஆங்கிலேயர் பலருக்கு அதற்குள் டியர் இருப்பது காதில் விழுவதில்லை.

தமிழில் வழி மறுபக்கமாகப் போகிறது. அரிது என்றால் கிடைப்பது குறைவு. கிடைப்பது குறைவானதால் அது அருமை. அதிலிருந்துதான் அருமை மகனும் அருமை நண்பனும் வந்தார்கள். எப்போதாவது கிடைப்பதை அருந்தல் என்று பேச்சில் சொல்கிறோம். நாங்கள் குறைவிலிருந்து மதிப்புக்குப் போனோம், ஆங்கிலேயர் மதிப்பிலிருந்து குறைவுக்கு வந்தார்கள். பஞ்சத்துக்கு எங்களுடைய பழைய சொல் வற்கடம். அது வானத்தைப் பார்க்கிற சொல், மழை பொய்த்ததைச் சொல்லுகிறது. டேர்த் சந்தையைப் பார்க்கிற சொல். தானியம் இல்லை என்று அது சொல்லவில்லை. எங்கோ இருக்கிறது, உன்னால் வாங்க முடியாது என்கிறது.

இங்கிலாந்து அரசுக்கும் இது தெரிந்திருந்தது. 1587இல் கட்டளைப் புத்தகம் ஒன்றை வெளியிட்டது. உள்ளூர் நீதவான்கள் களஞ்சியங்களைச் சோதித்து, யாரிடம் எவ்வளவு தானியம் இருக்கிறதென்று பதிந்து, வீட்டுத் தேவைக்கு மேலுள்ளதைச் சந்தைக்குக் கொண்டுவரச் செய்யவேண்டும் என்பது கட்டளை. 1594இலிருந்து 1597வரை நான்கு வருடம் தொடர்ந்து விளைச்சல் கெட்டது. 1598 பெப்ரவரியில் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஊரில் எடுத்த கணக்கில் சேக்ஸ்பியர் வீட்டின் பெயரும் இருக்கிறது. பியர் வடிக்கிற மோல்ட் பத்துக் குவாட்டர், அதாவது எண்பது புசல். அவர் மட்டுமல்ல, ஊரில் இன்னும் பலர் வைத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அவர் எழுதிய கோரியொலேனஸ் நாடகம், களஞ்சியம் நிரம்பியிருக்க எங்களைப் பட்டினி போடுகிறார்கள் என்று சனம் கொதிப்பதோடுதான் தொடங்குகிறது. மனிதர் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

அந்த எண்பது புசலை வாசித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்து மிசின் கொட்டில் ஞாபகம் வந்தது.

எழுபதுகளில் செத்தல் மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியது. தெற்கில் சனம் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு மிளகாய் தங்கமாயிற்று. எங்கள் ஐயா மண்வீட்டை இடித்துக் கல்வீடு கட்டியது அந்தக் காசில். யாரோ ஒருவருடைய ஆனை விலை, எங்களுக்குச் சுவராகவும் ஓடாகவும் வந்தது. அதை நாங்கள் உழைப்பு என்றுதான் சொன்னோம். உழைப்பும்தான்.

1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கி, வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மழைக்கு ஒரு குறையுமில்லை. தட்டு என்றால் தடை என்றும் ஒரு பொருளுண்டு, தட்டுப்பாடு என்ற சொல்லின் முழுக் கனமும் அப்போதுதான் விளங்கியது. சவர்க்காரம் இல்லாமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம். காயப்போட்ட சேலையை மாடு சப்பியது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தோம். சங்கக்கடையில் மண்ணெண்ணெய் இல்லை, ஆனால் கேட்ட விலையைக் கொடுத்தால் ஏதோ ஒரு ஒழுங்கையில் இருந்தது.

ஐயா மிசினுக்கென்று இரண்டு கான் மண்ணெண்ணெய் ஒளித்து வைத்திருந்தார். ஒரு பொழுதுபடுகிற நேரம் பக்கத்து வீட்டு அக்கா போத்தலோடு வந்தா.

"அண்ணை, அரைப் போத்தல் எண்டாலும் காணும். சின்னவனுக்குக் காய்ச்சல், இரவிலை விளக்கில்லாமல் ஏலாது."

"இல்லைப் பிள்ளை. இருந்தால் தரமாட்டனே" என்றார் ஐயா.

ஐயா கெட்ட மனிதரில்லை. வெங்காயத்துக்கு இரண்டு இறைப்புப் பிந்தினால் அந்தப் போகமே போய்விடும். பூட்டின கொட்டிலின் திறப்பு அப்போது என்னுடைய காற்சட்டைப் பையில்தான் இருந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா வெறும் போத்தலோடு படலையைச் சாத்திக்கொண்டு போனா. அன்றிரவு அவர்களின் வீடு இருட்டாகக் கிடந்தது. நாங்கள் சாப்பிட்டு முடிக்க முதலே அம்மா எங்கள் விளக்கையும் நூர்த்துவிட்டா.