எண்ணிப் பார்த்த மாத்திரைகள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர் என் அம்மா. சாயங்காலம் நிறுவை முடிந்ததும் கிராணி எழுதும் கணக்கை எட்டிப் பார்ப்பார். அரைக் கிலோ குறைந்தாலும் விடமாட்டார். "நம்ம உழைப்பு, நாமதான் கேக்கணும் புள்ள" என்பார்.

முட்டி தேய்ந்து, லயத்துப் படி ஏற முடியாமல் போனதும், மலையடிவாரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். வலிக்கு மருத்துவமனையில் டிரமடால் கொடுத்தார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, மாதத்துக்கு 60. அபின் வகையைச் சேர்ந்த மருந்து அது. போதைக்காகவும் அதைத் தேடுவோர் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. "ராத்திரி வலி தாங்கல புள்ள. முன்ன கூடு மாத்திரை கொடுத்தாங்க. இப்ப வெள்ளையா, வட்டமா கொடுக்கிறாங்க."

மேலாளரிடம் கேட்டேன். "வயசாச்சு, மறந்திருப்பாங்க" என்றார். மருந்துப் பையை வாங்கி எண்ணினேன். மருந்து வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. 40 இருக்க வேண்டும். 29தான் இருந்தன.

ஆனாலும் வாய் திறக்கப் பயம். அம்மாவுக்குத் தலைவாரி விடும் அந்தப் பணிப்பெண் மீது பழி விழுமோ? அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்களோ? இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். அந்த இரண்டு வாரமும் அம்மா வலியோடு கிடந்தார். இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.

பிறகு 15999, தாலியான் காசே எண்ணுக்கு அழைத்தேன். 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி இத்தகைய இல்லங்கள் சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும். அங்கேயும் புகார் செய்யலாம். மருந்து வாங்கிய தேதி, இருக்க வேண்டிய எண்ணிக்கை, இருந்த எண்ணிக்கை, அம்மா சொன்னது, மேலாளர் சொன்னது, இவ்வளவுதான் சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. சந்தேகத்தைச் சொல்வது நம் கடமை. திருடியது யார் என்று கண்டுபிடிப்பது அதிகாரிகளின் வேலை.

அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். மருந்து அலமாரிக்குப் பூட்டு வந்தது. ஒவ்வொரு வேளை மருந்துக்கும் கையெழுத்து வந்தது. எடுத்தது யார் என்று இதுவரை எனக்குத் தெரியாது. அம்மா இப்போது இரவில் தூங்குகிறார்.

இல்லத்தில் பெற்றோரை விட்டிருப்பவர்களே, போகும்போது பழம் வாங்கிப் போங்கள். மாத்திரையையும் எண்ணி, தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

போன வாரமும் நான் உட்காரும் முன்பே அம்மா கேட்டார்: "எண்ணிட்டியா புள்ள?"