தெரிந்தவன் கீறட்டும்



கடந்த டிசம்பரில் ஒரு மாணவர் முகாமில் பேசப் போயிருந்தேன். மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் சாலையில், திருவட்டாறு தாண்டி, ஒரு ரப்பர் தோட்டத்து ஓரமாகக் கூடாரம் போட்டிருந்தார்கள். 3 நாள் முகாம், 32 பேர். எனக்குக் கொடுத்த தலைப்பு அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு'. பேச்சு காலை 10 மணிக்கு. இங்கே எழுதுவது அந்தப் பேச்சைப் பற்றி அல்ல, அன்று காலை 7 மணிக்கு நடந்ததைப் பற்றி.

கஞ்சிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். மறுநடவுக்காக வெட்டிய ரப்பர் மரங்களின் தடித்த துண்டுகளைத் தோட்டக்காரர் இறக்கிப் போட்டிருந்தார். கீறினால்தான் அடுப்பில் வைக்க முடியும். முகாமின் பொறுப்பில் இருந்த மாணவன் கோடாலியை எடுத்தான். நல்ல பையன், பகத்சிங் படம் போட்ட சட்டை. யாருக்குத் தெரியும் என்று கேட்கவில்லை. நேராக ஒருவனிடம் போய் நீட்டினான். "நீ கீறுலே, உனக்குத்தான் இது வரும்."

அவன் எங்கள் பையன். அந்த முகாமில் எங்கள் ஆட்கள் அவனும் இன்னொரு தங்கையும்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 5 பேருக்கு ஒருவர் பட்டியல் சாதி, குமரி மாவட்டத்தில் 25 பேருக்கு ஒருவர் அளவுதான். அதே கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் இந்த மாவட்டத்துக்கு. "இங்கெல்லாம் சாதி பாக்கியது இல்ல சாரே" என்று நம்மிடம் சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

முந்தின நாள் மாலைதான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இவனுக்கு விறகு கீற வரும் என்று யார் சொன்னது? ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டான். அது போதுமாக இருந்திருக்கிறது.

அவனுக்கு வரவில்லை. அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், இவன் பி.காம் படிக்கிறான், வீட்டில் கேஸ் அடுப்பு. கோடாலியைத் தலைக்கு மேல் தூக்கி நடு மரத்தில் போட்டான். அது இறுகிக்கொண்டது. இழுத்தால் கட்டையும் சேர்ந்து வந்தது. இரண்டாவது அடி கணுவில் பட்டுத் தெறித்தது. பின்னாலிருந்து ஒரு குரல்: "என்னலே, உனக்கே வரலியா?"

சிரிப்பு. அந்த 'உனக்கே'யில் இருக்கும் ஏகாரத்தைக் கவனியுங்கள். யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை.  பையன் முகம் கறுத்து நின்றான்.

எனக்கு வரும். நன்றாகவே வரும். ஆனால் நான் பேசாமல் நின்றேன். இதை எழுதத்தான் இவ்வளவு நாள் யோசித்தேன்.

என் அப்பா விறகு கீறப் போனவர். கல்யாணம், சாவு, கொடை என்று பெரிய வீடுகளில் பந்தி என்றால் இரண்டு நாள் முன்பே ஆள் வரும். பள்ளி இல்லாத நாட்களில் நானும் போவேன், கீறியதை அடுக்க. வேலை முடிந்தால் தொழுவத்து ஓரத்தில் வாழையிலை போட்டுச் சோறு. அப்பா கீறிய விறகு அடுக்களைக்குள் போகும், அப்பா போகக் கூடாது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு சேவை முகாமில் என்னிடமும் இப்படித்தான் கோடாலியை நீட்டினார்கள். தெரியாதவன்போல வேண்டுமென்றே தப்பாக வெட்டினேன். அன்றிலிருந்து 20 வருடத்துக்கு மேல் எனக்கு விறகு கீறத் தெரியாது.

அந்தப் பையனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் போய்க் கோடாலியை வாங்கினேன். தலை ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து வாளித் தண்ணீரில் முக்கி வைத்தேன், பிடிமரம் ஊறினால் இறுகும். காத்திருந்த நேரத்தில் அப்பா சொன்னதை அவர்களுக்குச் சொன்னேன். பெரிய துண்டை நடுவில் பிளக்கப் பார்க்காதே, ஓரத்திலிருந்து சிராய் சிராயாக எடுத்து வா. மரத்தின் முகத்தில் ஏற்கெனவே ஒரு வெடிப்பு இருக்கும், அதைத் தேடு. கணுவுக்கு விலகிப் போ. கால் அகட்டி நில், அடி விழும்போது முட்டு மடங்கட்டும். "மக்கா, கோடாலிக்க கனம் அதுக்க வேலையச் செய்யும், நீ வழி மட்டும் காட்டு" என்பார். பார்வை மரத்தின் மேல் முகத்தில் அல்ல, கீழே இருக்கும் அடிகட்டையில் இருக்க வேண்டும். அப்போதுதான் வீச்சு காலுக்கு வராமல் கட்டையில் போய் நிற்கும்.

மூன்றாவது அடியில் துண்டு இரண்டாக விழுந்தது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதை மறைக்க மாட்டேன்.

அப்போது பொறுப்பாளத் தம்பி ஆசுவாசமாகச் சொன்னான்: "அண்ணனுக்குத் தெரியுது. தெரிஞ்சவங்க செஞ்சா சீக்கிரம் முடியும், நாம பாத்திரத்தப் பாப்போம்."

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டதும் இதுதானே? திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல் சட்டப்படி ஒழிந்தது. ஊழியம் என்ற கூலியில்லா வேலை அதற்குப் பிறகும் போகவில்லை. நாற்று நடத் தெரிந்தவன் நடட்டும், பிணம் தூக்கத் தெரிந்தவன் தூக்கட்டும். பக்கத்தில் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி இதைத் திருப்பிப் போட்டார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலையை நிறுத்த வைத்தார். வயல்கள் தரிசாகக் கிடந்தன. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று 1936-இல் அம்பேத்கர் எழுதியதை 10 மணிக்கு விளக்கலாம் என்றிருந்தேன். ஏழரைக்கே விளக்க வேண்டியதாயிற்று, கையில் கோடாலியோடு.

நார்வேயில் 2013-இல் தொலைக்காட்சியில் 12 மணி நேரம் விறகைப் பற்றியே நிகழ்ச்சி நடத்தினார்கள். கீறுவது, அடுக்குவது, எரிவது, அவ்வளவுதான். அடுக்கும்போது மரப்பட்டை மேலே இருக்கணுமா கீழே இருக்கணுமா என்று பார்த்தவர்கள் சண்டை போட்டார்கள். அங்கே விறகு கீறுகிறவனைப் பார்த்து யாரும் அவன் எந்தத் தெரு என்று கணக்குப் போடுவதில்லை. கோடாலியில் இழிவு கிடையாது.

அதனால் "முடியாது தம்பி, எல்லாரும் கீறணும்" என்றேன். வரிசை நின்றது. முதலில் அந்த பி.காம் பையன், ஓரத்திலிருந்து எடுத்தான், நான்காவது அடியில் பிளந்தது. பிறகு அவனே அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தான். 'உனக்கே' என்று கேட்டவனுக்கு ஒன்பது அடியிலும் விழவில்லை, உள்ளங்கை பொத்துப்போனது. பெரிய தோட்டக்கார வீட்டுப் பிள்ளை ஒருத்தி விடாமல் கேட்டு வாங்கிக் கீறினாள். ஈர ரப்பர் கீறச் சுலபம், எரியத்தான் மாட்டேன் என்கிறது. ஒரே புகை. கஞ்சி வெந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பசியில் இரண்டு பேர் என்னைத் திட்டியது காதில் விழுந்தது. என் பேச்சு மதியத்துக்குத் தள்ளிப்போனது, பாதிப் பேர் தூங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். இப்போது அவரால் கோடாலி தூக்க முடியாது. ஈர ரப்பர் என்றதும் சிரித்தார். "அதச் சின்னப் பிள்ளேளும் கீறுமே." கொஞ்ச நேரம் கழித்து, "தலை ஆடிச்சுன்னு சொன்னியே, தண்ணியில முக்கினா ரெண்டு நாளுதான் நிக்கும். அடுத்த தடவ நம்மளுக்கத எடுத்துட்டுப் போ" என்றார். அது வீட்டின் பின்புறம் சாய்ப்பில் கிடந்தது. துருவைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.